பதினேழாம் கேள்வி: வீட்டில் பேசும் மொழி

மேல்விளாங்காடு,
கல்வராயன் மலை.
11.1.2026, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே மேகாலயா எல்லைக் காவலில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று போன ஞாயிறு போனில் கேட்ட அரை நிமிடக் குரலை வைத்து நானே முடிவு செய்துகொண்டேன், அது தப்பு என்றால் மறைக்காமல் எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது கம்மி. வாரம் முழுக்க கருணாபுரத்தில் சின்னம்மா வீட்டில் தங்கிக் கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், சனிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் மலை ஏறி வந்துவிடுகிறார், கலெக்டர் ஆபீசுக்கு மனு எடுத்துக்கொண்டு போகிறவர்களால்தான் தன் வண்டி ஓடுகிறது என்று சொல்லிச் சிரிக்கிறார். சின்னம்மா மகன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான். இங்கே பனி ஜாஸ்தி, காலையில் பால் வாங்கப் போனால் எதிரில் வருகிறவர் இருமினால்தான் ஆள் வருவது தெரிகிறது.

ஷீபா டீச்சர் வாட்ஸ்அப்பில் வைத்த வீடியோவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டைத் தட்டுகிறார்களே அது என்னம்மா, பள்ளிக்கூடத்துக்கு ஏதோ நிதி வந்ததாமே என்று நீ கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனதும் நல்லதுதான், அது அரை நிமிடத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதோடு இதில் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். ஆகவே இன்றைக்குத் துணி துவைப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பொறுமையாகப் படி.

ஷீபா டீச்சரை நீ பார்த்ததில்லை. போன ஜூனில்தான் நம் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக வந்தார், சொந்த ஊர் திருநாவலூர்ப் பக்கம், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் என்றாலும் நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். அவர்கள் ஊர் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவராம், அதனால் எதைக் கேட்டாலும் தாளம் பிடித்துவிடுகிறார். பள்ளியில் அறுபத்து மூன்று பிள்ளைகள், எல்லாம் மலைப் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள், இவரோடு சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். நான் வழக்கம்போல சத்துணவில் அரிசி நிறுத்து, முட்டை எண்ணி, பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜூலையில் ஒருநாள் விறகு ஈரமாக இருந்ததால் சாதம் வேக நேரமாகிவிட்டது, பசி பொறுக்காமல் பிள்ளைகள் தட்டைத் தரையில் கவிழ்த்து வைத்துத் தட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்ததே கோபம், கரண்டியோடு வெளியே வந்து கத்தப் போனேன், ஷீபா டீச்சர் என் கையைப் பிடித்து, அக்கா, திட்டாதீங்க, கொஞ்சம் கேளுங்க என்றார். கேட்டேன். சத்தம் என்று நினைத்தது சத்தமாக இல்லை, அறுபது பிள்ளைகளும் ஒரே அடியில் அடித்துக்கொண்டிருந்தார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, திருவிழாவில் பெரியவர்கள் மேளம் அடிப்பதைப் பார்த்ததுதான்.

மறுநாளிலிருந்து அவர் அதையே பாடமாக்கிவிட்டார். பேரைச் சொல்லித் தட்ட வேண்டும். கள்-ளக்-கு-றிச்-சி, ஐந்து தட்டு. உன் பேரையும் தட்டிப் பார்த்தோம், அ-ருள்-மொ-ழி, நாலு. புள்ளி வைத்த எழுத்துக்குத் தனியாகத் தட்டு கிடையாது, அது முன்னால் இருக்கிற எழுத்தின் இடுப்பில் உட்கார்ந்துகொள்கிறது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கண்டுபிடித்துச் சொன்னது. எத்தனை வருடமாக எழுதப் படிக்கிறேன், எனக்கு அது தெரியாது அருள், அன்றைக்கு முழுக்க எந்தச் சொல்லைக் கேட்டாலும் மனசுக்குள் தட்டிக்கொண்டே இருந்தேன், கூட்டுறவு, பெருங்காயம், எவர்சில்வர் என்று. அந்தத் தட்டலை வைத்தே அவர் மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படிக்கவைத்தார். முப்பத்து நாலு பேரில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படித்தது பதினொரு பேர். அதில் ஒரு பெண், சுபஸ்ரீ, நாங்கள் வயலுக்குச் சென்றோம் என்று மணியாகப் படித்தாளாம், வயல்னா இன்னா என்று டீச்சர் கேட்டதற்குப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தாளாம். மலையில் மழையை நம்பிய கொல்லைதான் உண்டு, தண்ணீர் நிற்கிற வயல் ஏது.

இதற்குப் பாட்டும் தாளமும் தெரிந்து, இந்தப் பிள்ளைகளின் பேச்சும் தெரிந்த ஒரு ஆள் கூடுதலாக வேண்டும், கதைப் புத்தகம் வேண்டும், நாலு டோலக்காவது வேண்டும் என்று டீச்சர் கணக்குப் போட்டார். சம்பளம் யார் கொடுப்பது. அப்போதுதான் வெளியிலிருந்து நிதி தேடலாம் என்று ஆரம்பித்தார். நெட் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும், பள்ளி விட்டதும் தினமும் போனை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார், நானும் வேடிக்கை பார்க்கக் கூடவே போவேன். உதவி செய்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு உலகமே இருக்கிறது, அது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. ஒருவர் கழிப்பறை மட்டும்தான் கட்டித்தருவாராம், ஒருவர் கம்ப்யூட்டர் மட்டும், ஒருவர் கடலோர மாவட்டங்களுக்கு மட்டும். பாட்டுக்கு உண்டா என்று தேடினால் மேடைக் கச்சேரிப் பாட்டுக்கு இருக்கிறது, தட்டு அடிக்கிறவர்களுக்கு இல்லை. மூன்று வாரம் கழித்துப் பெங்களூரில் ஒரு அறக்கட்டளை அகப்பட்டது, இசை, வாசிப்பு, மொழி மூன்றுக்கும் தருகிறார்கள். டீச்சர் அந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தார், தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னாம்மா, வேலை கெடச்சிடுச்சா என்று கேட்டார்கள்.

நாற்பத்தோரு கேள்வி, எல்லாம் இங்கிலீஷில். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தெரிந்துதான் எதுவும் செய்ய வேண்டும் என்பதால் டீச்சர் ஒவ்வொன்றையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதினார், நான் அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்த மாதிரிக் கேள்விகளை என்னை யாரும் கேட்டதே இல்லை. உங்கள் திட்டம் வெற்றி பெற்றது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள். நான் சாம்பாருக்குத் தெரிந்துகொள்வேன், அண்டாவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, படிப்புக்கு எப்படி. எங்கள் உதவி நின்ற பிறகும் இது தொடருமா என்று ஒன்று, அதற்கு நாங்கள் ஒரு வாரம் பதில் எழுதவில்லை. பள்ளியில் இருக்கும் இசைக்கருவிகள் எவை என்று ஒன்று, நான் விளையாட்டாக எவர்சில்வர் தட்டு அறுபத்து மூன்று என்றேன், டீச்சர் அப்படியே எழுதிவிட்டார். பதினேழாவதுதான் இந்தக் கதை. மாணவர்கள் வீட்டில் பேசும் மொழி எது. ஒரு கட்டம் தமிழ், ஒரு கட்டம் பிற. வீடு வீடாக விசாரித்து அந்தத் தாளை இணைக்க வேண்டும், விசாரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா வீட்டுக்குள்ளும் போய் வருகிறவள் நான்தான் என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முப்பத்தெட்டு வீடு. நான் போய், வூட்ல இன்னா பாஷை பேசறீங்க என்று கேட்கிறேன், வருகிற பதிலைப் பார். ஒரு அம்மா, மெதுவாத்தான் பேசறோம், அதுக்கும் யாராச்சும் வந்து குத்தம் சொன்னாங்களா என்கிறாள். ஒரு வீட்டில், எங்க வூட்ல சண்டதான், பேச்சு எங்க இருக்குது என்கிறார்கள். ஒருவர், நீ இப்ப இன்னா பேசறியோ அதத்தான் நானும் பேசறேன், ஒனக்குப் புரியலயா என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, யோசனையாகவும் இருந்தது. பதினான்கு வருடமாக இந்த மலையில் இருக்கிறேன், இவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பாதிதான் புரியும், மீதியை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அது தமிழா, வேறா, எவ்வளவு மாறினால் வேறு. பனி மூடிக்கொண்டால் இவர்கள் மஞ்சு எறங்கிடுச்சி என்கிறார்கள், புத்தகத்தில் மூடுபனி என்று இருக்கிறது. டீச்சர் அகராதியைப் பார்த்துவிட்டு மஞ்சு ரொம்பப் பழைய சொல் அக்கா, நாமதான் வுட்டுட்டோம் என்றார். நீ சின்னப் பிள்ளையாக இந்தப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்து இவர்கள் மாதிரியே இழுத்துப் பேசுவாய், நான் வாயிலேயே ஒன்று போட்டு, ஒழுங்கா தமிழ் பேசுடி என்பேன். அந்த முப்பத்தெட்டு வீட்டு நடையில் எனக்கு அது எத்தனை தடவை ஞாபகத்துக்கு வந்தது தெரியுமா.

ஆகஸ்டில், ஃபாரம் அனுப்புவதற்கு முன்பே, அறக்கட்டளையிலிருந்து மணிமொழி என்று ஒரு பெண் நேரில் பார்க்க வந்தார். நல்ல பெண், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து புளிசாதமும் முட்டையும் சாப்பிட்டார், தட்டு அடிப்பதைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். போகும்போது எங்கள் இருவரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னார். இரண்டு விதமான நிதி இருக்கிறது, இரண்டுக்கும் இதே ஃபாரம்தான். வாசிப்பு நிதி சின்னது, ஒரு வருடம்தான், அதற்கு நூற்றுக்கணக்கான பள்ளிகள் போட்டி. மொழி நிதி பெரியது, மூன்று வருடம், முழுநேர ஆசிரியர், இசைக்கருவி, புத்தகம் எல்லாம் உண்டு, ஆனால் வீட்டு மொழி தமிழாக இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். பதினேழாவது கேள்வியில் பிற என்று போட்டுப் பழங்குடி மொழி என்று எழுதினால் உங்களுக்குக் கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கு, எழுதுங்கன்னு நான் சொல்லல, ஃபாரம் அப்படி இருக்கு, அவ்ளோதான் என்றார். ஷீபா டீச்சர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பேச்சு வேற மாதிரிதானே அக்கா இருக்குது, இதுல பொய் ஒண்ணும் இல்லையே என்றார். எனக்கும் அப்போது சரி என்றுதான் பட்டது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்தான் அது உடைந்தது. குழுத் தலைவி இப்போது செல்லியம்மாள், சுபஸ்ரீயின் அம்மா. அவளுடைய மாமனார் அம்மாசி, உனக்கு ஞாபகம் இருக்கும், ரோட்டோரம் மரவள்ளி போட்டிருப்பாரே, கோபம் வந்தால் துண்டை உதறுகிறவர், அவரும் வந்திருந்தார். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். எம்மவனுக்கு சாதி சர்ட்டிபிகேட்டு வாங்க பதினோரு வருசம் நடந்தேன், இன்னாத்துக்கு, ஒரு பேப்பர்ல ஒரு மாதிரி எழுதியிருந்திச்சி, இன்னொரு பேப்பர்ல வேற மாதிரி எழுதியிருந்திச்சி, அவ்ளோதான். இப்ப பள்ளிக்கூடத்துப் பேப்பர்ல எங்க பேச்சு தமிழு இல்லன்னு எழுதுவீங்க, நாளைக்கி ஒரு ஆபீசரு அத்தப் பாத்துட்டு நீ இந்தச் சீமைக்காரனே இல்ல போடாம்பான், நாங்க இங்க மலையில காக்கா பாஷையா பேசிக்கினு இருக்கறோம் என்று கேட்டார், துண்டை உதறவில்லை, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கு செல்லியம்மாள் மாமனாரைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துப் பேசினாள். இவரு பேப்பரு பேப்பருன்னு பயந்துகினே இருக்கட்டும். நான் மொளகு பறிக்கப் போறப்ப சேலம் பஸ் ஸ்டாண்டுல போர்டு படிக்கத் தெரியாம மூணு வண்டிய வுட்டுட்டு நின்னவ. பாஷைக்கு இன்னா பேரு வச்சா எனக்கின்னா, எம்பொண்ணு படிக்கணும் என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, புத்தகம் கீழ இருக்குது, நாங்க மேல இருக்கறோம், நடுவுல ஏத்திக்கினு போய் எறக்கிவுட ஒரு ஆளு வோணும், அத எழுத அதுல கட்டம் இல்லையா டீச்சர் என்று கேட்டாள். டீச்சர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு பேரும் சொல்வது நியாயமாகவே இருந்தது, அதுதான் கஷ்டம். மறுநாள் டீச்சர் தாளைக் கொண்டுவந்து நீட்டினார், பிற என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது, கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம். பேனாவை வாங்கித் தாள் மேலேயே வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கருணாபுரத்தில் அந்த விஷச் சாராயச் சாவுகள் நடந்த மாதத்தில் யார் யாரோ படிவத்தோடு தெருவுக்கு வந்தார்கள். அதில் ஒரு குழு சின்னம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனது. பிறகு அந்தத் தாளை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் சொல்லாததெல்லாம் அதில் அவள் சொன்னதாக இருந்தது, நம் தெரு ஆம்பிளைகள் எல்லோரையும் குடிகாரர்கள் என்று, அந்தச் சாவில் நாம் பறிகொடுத்த தங்கமான மனுஷன் உன் சித்தப்பாவையும் சேர்த்து. நல்லதுக்காகத்தான் எழுதினோம், உதவி சீக்கிரம் வரும் என்றார்களாம். அவள் என் மடியில் படுத்துக்கொண்டு, நான் இத சொல்லலக்கா, நான் இத சொல்லவே இல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் குரல் அன்றைக்கு என் காதில் வந்து நின்றுகொண்டது. டீச்சர், முப்பத்தெட்டு வூட்ல ஒருத்தர்கூட எங்க பேச்சு தமிழ் இல்லன்னு எங்கிட்ட சொல்லல, அவங்க சொன்னத அப்படியே எழுதித் தரேன், அதுக்குக் கீழ எத்தினி கையெழுத்து வோணும்னாலும் போடறேன், இதுல போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் கோபப்பட்டார், நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கட்டத்துல ஒரு டிக்கு அக்கா, அதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கறீங்க, மூணு வருசம் இந்தப் புள்ளைங்களுக்கு வர வேண்டிய டீச்சரு உங்க கையால வராம போயிடும், பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் சமையல்கூடத்துப் பக்கம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அருள், சுபஸ்ரீ தட்டை நீட்டும்போதெல்லாம் நான் இவளுக்கு ஏதோ கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருந்தது. நான் செய்தது சரி என்று ஒரு நிமிடமும் முழுசாகத் தோன்றவில்லை, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் நான் பூண்டு உரித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர் சமையல்கூடத்துக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அவரும் நாலு பல் எடுத்து உரித்தார். அக்கா, நான் திருநாவலூர்லருந்து திருச்சிக்குப் படிக்கப் போனப்ப, வூட்டுக்குப் போறேன்னு ஒருவாட்டி சொல்லிட்டேன், அதுக்கு ஒரு வருசம் ஹாஸ்டல்ல என் பேரே வூடு, ஏ வூடு, வூடு வருது பாருன்னு. பேப்பர்லயும் யாராவது உன் பேச்சு தமிழே இல்லன்னு எழுதியிருந்தா நான் பெட்டியத் தூக்கிக்கினு வந்திருப்பேன். அதயே நான் இவங்களுக்கு எழுதப் பார்த்தேன் என்றார். அழவில்லை, பூண்டுதான் உரித்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் தமிழ் என்ற கட்டத்திலேயே டிக் போட்டோம். முப்பத்தெட்டு வீட்டுப் பதிலையும், மெதுவாத்தான் பேசறோம் என்பது உட்பட, சொன்ன மாதிரியே எழுதி இணைத்தோம். வீட்டுச் சொல் ஒரு பக்கம் புத்தகச் சொல் ஒரு பக்கம் என்று அம்மாக்களைக் கேட்டு இருநூற்றுப் பன்னிரண்டு சொல் எழுதினோம். செல்லியம்மாள் கேட்ட கேள்வியையும் அவள் வாய்ச்சொல்லாகவே போட்டு அவளிடம் படித்துக் காட்டினோம், அவள் தலைவி என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

நவம்பரில் பதில் வந்தது. மொழி நிதிக்கு உங்கள் பள்ளி தகுதி பெறவில்லை, ஒரே வரி. டீச்சர் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வகுப்புக்குப் போனார், அப்படிச் சொல்லாமல் போனதற்கு நான் அவருக்கு எப்போதும் கடன்பட்டிருக்கிறேன். பத்து நாள் கழித்து மணிமொழி போன் செய்தார். வாசிப்பு நிதி கிடைத்திருக்கிறது, ஒரு வருடம், வாரத்துக்கு மூன்று நாள் வருகிற ஆசிரியர் ஒருவர், நூறு கதைப் புத்தகம். டோலக்கு கிடையாது, ஏற்கெனவே உள்ள கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளவும் என்று அச்சடித்தே எழுதியிருக்கிறார்கள், நானும் டீச்சரும் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர்கள் கூட்டத்தில் முப்பத்தெட்டு பதிலையும் வாய்விட்டுப் படித்தார்களாம், முதலில் சிரித்தவர்கள் பாதிக்கு மேல் சிரிக்கவில்லையாம், அடுத்த வருடம் அந்தக் கேள்வியை மாற்றுவார்களா என்பது தனக்குத் தெரியாது என்றார். அம்மாசி வந்து பதினேழாவது கேள்விக்கு நாங்கள் எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், மறுநாள் பேத்தியிடம் ஒரு படி சாமை கொடுத்தனுப்பினார்.

அந்த வேலைக்கு யார் வந்திருக்கிறாள் தெரியுமா, எழில்மதி. உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த பெண், இந்த மலையில் பிறந்தவள், கள்ளக்குறிச்சி காலேஜில் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தாள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வகுப்பு எடுக்கிறாள், தட்டுச் சத்தத்தில் அது பாட்டுக்குத் தூங்குகிறது. டிசம்பரில் முதல் வாரம் நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். சுபஸ்ரீக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டிவிட்டு, புரிஞ்சிதா என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டாள். சுபஸ்ரீ தலையாட்டினாள். எழில்மதி விடவில்லை, இன்னா புரிஞ்சிது சொல்லு என்றாள். பிள்ளை முழித்தது. புரியலன்னா ஏன் தலையாட்டுன என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்கு சுபஸ்ரீ, தலையாட்டுனா டீச்சரு அடுத்த புள்ளகிட்ட போய்டுவாங்க என்றாள். இரண்டு வருடமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறாள், நாங்கள் எல்லோரும் நல்ல பிள்ளை, சத்தமே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நான் வாசலிலிருந்து நகர்ந்து வந்துவிட்டேன். உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான் அருள். நீ பஞ்சாபில் எல்லைப் படைப் பயிற்சிக்குப் போன முதல் மாதம் போன் செய்து, அம்மா, இவங்க இந்தியில சொல்றது எனக்கு ஒண்ணும் புரியல, திருப்பிக் கேட்டா சிரிக்கறாங்க என்று அழுதாய். நான் என்ன சொன்னேன். எல்லாரும் செய்யறதப் பாத்து நீயும் செய், புரிஞ்ச மாதிரி தலையாட்டிடு, போகப் போக சரியாய்டும் என்றேன். அரிசி வண்டி வந்து நின்றது, அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இந்த மூன்று வருடத்தில் நீ எதுவும் புரியவில்லை என்று என்னிடம் சொன்னதே இல்லை. எப்படி இருக்கே என்று கேட்டால் நல்லா இருக்கேம்மா, வேலை எப்படி என்றால் பழகிடுச்சிம்மா. நானும் சந்தோஷமாக அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். உண்மையிலேயே புரிந்துவிட்டதா கண்ணு, அல்லது என்னிடமும் தலையாட்டிக்கொண்டிருக்கிறாயா. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. நீ அதை மறந்துவிட்டு, புரியாததை எனக்கு எழுது, எத்தனை பக்கமானாலும் எழுது, இந்த முறை நான் போனை வைத்துவிட்டுப் போக மாட்டேன்.

அப்பா தூங்கி எழுந்துவிட்டார், இன்னும் எழுதிக்கினே இருக்கறியா, பேப்பரு தீந்துடப் போவுது என்கிறார், தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். பொங்கலுக்கு நீ இல்லாதது வீட்டில் தெரியத்தான் செய்கிறது, உன் பங்கை சின்னம்மா மகன் சாப்பிடுவான். ஏப்ரல் லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு, போன தடவை மாதிரி கடைசி வாரத்தில் போய் நிற்காதே. பள்ளிக்குப் பணம் அனுப்பட்டுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய், வேண்டாம், அந்தக் காசில் நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வாங்கு. நீ நிற்கிற இடத்தில் உன் கூட நிற்கிறவர்கள் நல்லவர்களாக இருக்கட்டும், உன் கண்ணுக்கும் கைகாலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா
ரா. கண்ணகி